ஹால்ல இருக்க ஃபைகஸ் போன்சாய் இலை கொட்டிக்கிட்டே இருக்கு, காப்பாத்த முடியுமா?

பெரும்பாக்கம்_ஆறாவதுமாடி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ரிட்டயர் ஆனப்ப கூட வேலை பாத்தவங்க எல்லாம் சேர்ந்து ஒரு போன்சாய் வாங்கிக் குடுத்தாங்க. ஃபைகஸ்னு சொன்னாங்க, ஆல், அரசு ஜாதிதான். மரவள்ளிக்கிழங்கு மாதிரி புடைச்ச வேர் மண்ணுக்கு மேல நிக்கும், அதுக்கு மேல சின்னச் சின்னதா பளபளன்னு இலை, உயரம் ஒன்றரை அடி இருக்கும். நர்சரில "இது இன்டோர் செடிதான், வெயிலே தேவையில்ல, தினம் கொஞ்சம் தண்ணி ஸ்ப்ரே பண்ணா போதும்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க, அதனால ஹால்ல டிவி யூனிட் மேல வச்சோம். ஹாலுக்கு ஜன்னல் ஒண்ணுதான், அது டிவில இருந்து பத்து பன்னெண்டு அடி தள்ளி இருக்கு, பாதி நேரம் ஸ்க்ரீன் போட்டிருக்கும். அப்பா ஹால்லதான் படுப்பார், அதனால ராத்திரி முழுக்க ஏசி ஓடும்.

வந்த புதுசுல நல்லாதான் இருந்துச்சு. அப்புறம் உள்பக்கத்து இலை ஒவ்வொண்ணா மஞ்சளாகி விழ ஆரம்பிச்சுது, இப்ப பச்சையா இருக்க இலை கூட கை பட்டாலே கழண்டு வருது. மேல் மண்ணுல வெள்ளைக் கல்லு பசை போட்டு ஒட்டியிருக்கு, தண்ணி ஊத்தினா அதுமேலயே கொஞ்ச நேரம் நின்னுட்டு ஓரமா வழிஞ்சு தட்டுக்கு வந்துடுது. அப்பா தினம் காலைல அரை டம்ளர் ஊத்தறார், சாயங்காலம் ஸ்ப்ரேயும் பண்றார்.

இதுக்கு நடுவுல சித்தி வந்துட்டு ஆல், அரசு ஜாதி மரத்தை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது, அதுவும் இப்படிக் குட்டையாக்கி வச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்பா வெளில காட்டிக்கல, ஆனா தினம் எந்திரிச்சதும் முதல்ல இதுகிட்டதான் போய் நிக்கிறார். எப்படியாவது இதைத் தேத்திக் குடுக்கணும். எங்க தப்பு நடக்குது? தண்ணி ஜாஸ்தியா, கம்மியா? ஏசியா? உரம் போடணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தொட்டிமண்_கோவை:

வணக்கமுங்க. முதல்ல மரம் உசுரோட இருக்கான்னு பாத்துருங்க. ஒரு சின்னக் கிளைல நகத்தால லேசா சுரண்டுங்க, தோலுக்கு அடியில பச்சையா ஈரமா இருந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம். பழுப்பா காஞ்சு போயிருந்தா அந்தக் கிளை முடிஞ்சுது, அதுக்குக் கீழ தள்ளி இன்னொரு இடத்துல சுரண்டிப் பாருங்க, அப்படியே அடிமரம் வரைக்கும் வாங்க. ஃபைகஸ் லேசுல சாகாதுங்க, மொத்த இலையும் கொட்டி மொட்டையா நின்னு திரும்ப துளிர்க்கற ஜாதி அது. பயப்படாதீங்க.

எல்லாரும் தண்ணி, தண்ணின்னுதான் கேப்பாங்க, ஆனா உங்க வீட்டுல நடக்கறது வெளிச்சப் பிரச்சனை, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால வர்றது. நம்ம கண்ணு இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தானா பழகிக்கும், அதனால ஹால் நல்ல வெளிச்சமாத்தான் தெரியும், செடிக்கு அப்படி இல்லைங்க. வெளிச்சத்தை லக்ஸ்ங்கற அளவுல காட்டற ஒரு லக்ஸ் மீட்டர் ஆப்பை ஃபோன்ல இறக்கி அளந்து பாருங்க, துல்லியமா காட்டாது, ஆனா வித்தியாசம் புரியும். மத்தியான வெயில் ஒரு லட்சம் லக்ஸ் பக்கம் வரும், நல்ல மர நிழல்லயே பத்தாயிரம் இருக்கும், ஜன்னலை ஒட்டி வெயில் நேரா விழாத இடத்துல ரெண்டாயிரம் மூவாயிரம் கிடைச்சா பெருசு, நீங்க சொல்ற டிவி யூனிட் மேல வச்சுப் பாத்தீங்கன்னா இருநூறு முந்நூறு தாண்டாது. அந்த வெளிச்சத்துல மரம் தனக்கு வேணுங்கற சாப்பாட்டையே சம்பாதிக்க முடியாது, கையிருப்பை வச்சு கொஞ்ச நாள் ஓட்டும், அதனாலதான் வாங்கின புதுசுல எல்லா போன்சாயும் நல்லா இருக்கற மாதிரி தெரியுது. அப்புறம் வெளிச்சமே படாத உள்பக்கத்து இலையை முதல்ல உதிர்க்கும். உங்க மரம் அதைத்தான் பண்ணுது.

இலை வேலை செய்யலன்னா வேர் தண்ணி உறிஞ்சறதும் குறைஞ்சுரும். அப்ப வெளில இருக்கற மரத்துக்கு சரியா இருக்கற தண்ணி இதுக்கு அதிகமாகி, வேருக்குக் காத்து கிடைக்காம அழுகும். அதான் வெளிச்சத்தை முதல்ல சரி பண்ணணுங்கறேன், வெளிச்சம் இல்லாத இடத்துல தண்ணியை எப்படி ஊத்தினாலும் ஏதாவது ஒரு பக்கம் தப்பாத்தான் போகும்.

உங்க வீட்டுல பால்கனி இருக்குங்களா, எந்தத் திசை? இருந்தா இன்னிக்கே மரத்தை அங்க கொண்டு போங்க. நேரா வெயில்ல வைக்காதீங்க, நிழல்ல இருந்த இலை வெயில் பட்டா கருகிரும். ரெண்டு வாரம் வானம் தெரியற நிழல்ல வச்சு, அப்புறம் காலை வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க. ஃபைகஸ் நம்ம நாட்டுச் சூட்டுக்கே பொறந்த மரம், தமிழ்நாட்டுல வருஷம் பூரா வெளியிலயே இருக்கலாம். இன்டோர் செடின்னு சொல்லி விக்கறது அது உள்ள இருந்தா மத்த மரத்தை விட மெதுவா சாகும்ங்கறதுக்காகத்தான், அது உள்ளயேதான் இருக்கணும்னு கேக்கற மரம் இல்லைங்க. வீட்டுக்குள்ளயே முளைச்சு வளர்ந்த மரம்னு உலகத்துல எதுவும் கிடையாது.

அந்த ஒட்டின கல்லை எடுத்தே ஆகணும். தொட்டியை ஒரு வாளித் தண்ணில மண்ணு மூழ்கற அளவுக்கு வச்சு, குமிழி வர்றது நிக்கற வரைக்கும் ஊற விடுங்க. சில பசை ஊறினா தானா விட்டுரும், விடலன்னா ஸ்க்ரூ டிரைவரால ஓரத்துல இருந்து மெதுவா நெம்புங்க, மேல இருக்கற வேர் சிராய்க்காம பாத்துக்கங்க. தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்குதான்னும் பாருங்க, சிலதுல ஓட்டையே இருக்காது, சிலதுல பிளாஸ்டிக் மூடி போட்டு அடைச்சிருப்பாங்க.

தண்ணிக்கு டைம்டேபிள் வேண்டாங்க. கபாப் குச்சி மாதிரி ஒரு மரக்குச்சியை மண்ணுல ஒரு ரெண்டு இன்ச் இறக்கி பத்து நிமிஷம் விட்டு எடுத்துப் பாருங்க. குச்சி ஈரமா, நிறம் மாறி வந்தா அன்னிக்கு வேண்டாம். லேசா ஈரம் தெரியற மாதிரி, முக்கால்வாசி காஞ்ச நிலைமைல வந்தா ஊத்துங்க. ஊத்தும்போது அரை டம்ளர் கணக்கு வேண்டாம், அடி ஓட்டைல நல்லா ஒழுகற வரைக்கும் ஊத்தி, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை ஊத்தி, தட்டுல தேங்கினதைக் கொட்டிருங்க. தினம் கொஞ்சமா ஊத்தினா மேல் மண்ணு சேறா இருக்கும், நடுவுல இருக்கற வேர் தாகத்துல காயும், ரெண்டும் ஒரே தொட்டில ஒரே நேரத்துல நடக்கும்.

செடிப்பிரியை:

எங்க ரோஜாவுக்கு இலை மஞ்சளானப்ப எப்சம் சால்ட் போட்டோம், நல்லா வந்துச்சு. இதுக்கும் எப்சம் சால்ட் ஒரு ஸ்பூன், கூட டிஏபி உரம் கொஞ்சம் போட்டுப் பாருங்க சிஸ்டர்.

தொட்டிமண்_கோவை:

இப்ப வேண்டாங்க, தயவு செஞ்சு. ரோஜா தரையிலயோ பெரிய தொட்டிலயோ வெயில்ல நிக்குது, அது வேற கதை. இது ஒரு சோத்துத் தட்டு அளவு மண்ணுல நிக்கற, சாப்பிட முடியாம இருக்கற மரம். உப்பு சேரச் சேர வேர் நுனி கருகும். புதுத் துளிர் நல்லா விரிஞ்ச பிறகு, மண்புழு உரம் ஒரு ஸ்பூன்ல ஆரம்பிச்சா போதும். கடலைப் புண்ணாக்கு ஊற வச்ச தண்ணியும் நல்லா இருக்கும், நல்லா நீர்க்க விட்டு பால்கனில ஊத்துங்க, ஹாலுக்குள்ள அந்த வாசம் தாங்க முடியாது.

ஸ்காபரோ_குளிர்:

வணக்கம். நான் கனடாவிலை இருந்து எழுதுறன். இஞ்சை இன்டோர் எண்டுறது விருப்பம் இல்லை, கட்டாயம். குளிர் காலத்திலை வெளியிலை மைனஸ் இருபது வரைக்கும் போகும், ஃபைகஸை வெளியிலை விட்டால் ஒரு இரவு கூடத் தாங்காது. அதாலை செப்டெம்பரிலை இருந்து வசந்தம் வரைக்கும் வீட்டுக்குள்ளைதான் வைச்சுக் காப்பாத்தோணும். தொட்டிமண் அண்ணை சொன்னது அத்தனையும் சரி, வெளிச்சந்தான் முதல். டிசம்பரிலை இஞ்சை பின்னேரம் அஞ்சு மணிக்கு முன்னமே இருட்டிப் போடும், தெற்குப் பக்க ஜன்னலிலை வைச்சாலும் காணாது. நான் செடி வளர்க்கிறதுக்கெண்டு இருக்கிற வெள்ளை எல்இடி க்ரோ லைட் ஒண்டை மரத்தின்ரை உச்சியிலை இருந்து ஒரு அடிக்குக் கிட்டவா தொங்க விட்டு, டைமர் போட்டு பதினாலு மணித்தியாலம் எரிய விடுறன். ஊதா நிறத்திலை எரியிறது தேவையே இல்லை, வெள்ளை லைட் நல்லா வேலை செய்யும், மரத்தைப் பார்க்கவும் வடிவா இருக்கும். முக்கியமான விசயம் தூரம். ஒரு அடியிலை இருக்கிற லைட்டை ரெண்டு அடிக்கு உயர்த்தினால் வெளிச்சம் கிட்டத்தட்ட காலிலை ஒண்டாக் குறைஞ்சு போடும், கனக்கப் பேர் சீலிங்கிலை பூட்டிப்போட்டு வேலை செய்யேல்லை எண்டுவினம்.

ஏசியைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். இஞ்சை எங்களுக்கு அந்த இடத்திலை ஹீட்டர். காத்து காய்ஞ்சு போகும், ஈரப்பதம் முப்பது வீதத்துக்குக் கீழை இறங்கும். அப்பிடியிருந்தும் ஃபைகஸ் தாங்குது, ஏனெண்டால் அதின்ரை இலை மெழுகு பூசினது போலை தடிப்பு. ஏசியோ ஹீட்டரோ அறையிலை ஓடுறது பெரிய பிரச்சினை இல்லை, அந்தக் காத்து நேரா மரத்திலை அடிக்கக் கூடாது. அடிச்சால் பச்சை இலையே கொட்டும். உங்கடை டிவி யூனிட்டுக்கு நேர் எதிரிலை ஏசி இருக்குதோ எண்டு பாருங்கோ.

ஸ்ப்ரே பண்ணுறதாலை ஈரப்பதம் கூடாது. கொஞ்ச நிமிசத்திலை காய்ஞ்சு போடும். இலையிலை படிஞ்ச தூசியைக் கழுவ மட்டும் அது உதவும், தூசி படிஞ்ச இலைக்கு இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போய்ச் சேராது. மாசத்திலை ஒருக்கா ஷவருக்குக் கீழை வைச்சுக் கழுவுறது நல்லம்.

மே மாசக் கடைசியிலை குளிர் விட்டதும் நான் என்ரை மரங்களை வெளியிலை கொண்டு போயிடுவன், செப்டெம்பரிலை இரவுச் சூடு பத்துப் பன்ரண்டு டிகிரிக்கு இறங்கேக்கை உள்ளுக்கு எடுப்பன். அந்த நாலு மாசத்திலை போடுற வளர்ச்சியை வைச்சுத்தான் அது மிச்ச வருசத்தைத் தாண்டுது. உங்களுக்கு வருசம் முழுக்க அந்தக் கோடை இருக்கு. அதைக் குடுங்கோ மரத்துக்கு.

பெரும்பாக்கம்_ஆறாவதுமாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. சுரண்டிப் பாத்தேன், சின்ன கிளை ரெண்டு மட்டும் காஞ்சு போயிருக்கு, மத்த எல்லா இடத்துலயும் பச்சை! அப்பாகிட்ட காட்டினேன், அவரே இன்னொரு இடத்துல சுரண்டிப் பாத்துட்டு சிரிச்சார்.

ஏசி நேர் எதிர்லதான் இருக்கு. ஆப்ல பாத்தா டிவி மேல 180னு காட்டுது, துணி காயப்போடற பால்கனில நிழல்லயே எட்டாயிரம்! அது கிழக்குப் பாத்தது, வாஷிங் மெஷின் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு வச்சாச்சு, புறா வராம இருக்க வலை ஏற்கெனவே இருக்கு. கல்லையும் எடுத்துட்டோம், ஊற வச்சதுல பாதி தானா வந்துடுச்சு. எடுத்தப்புறம்தான் தெரியுது, கல்லுக்கு அடியில மண்ணே இல்ல, வெறும் தேங்காய் நார்த்தூள், காஞ்சு கட்டியா இருந்துச்சு, நடுவுல ஒரு பிளாஸ்டிக் வலைக் கூடை வேற வேரைச் சுத்தி மாட்டியிருக்கு. அடியில ஓட்டை ஒண்ணு இருக்கு.

இன்னும் ரெண்டு விஷயம். இலை அடிப்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டுது, நரம்பை ஒட்டி பழுப்பா சின்னச் சின்ன புடைப்பு, நகத்தால தள்ளினா வந்துடுது, ரெண்டு மூணு எறும்பும் சுத்துது. அது என்ன? அப்புறம் மண்ணை உடனே மாத்தணுமா? எங்க போர் தண்ணி ரொம்ப உப்பு, குழாயெல்லாம் வெள்ளையா படியும், அதை ஊத்தலாமா?

சித்தி சொன்னதுக்கும் யாராவது ஏதாவது சொல்லுங்க, அப்பா மனசுல அது ஓடிக்கிட்டே இருக்கு.

தொட்டிமண்_கோவை:

எட்டாயிரம் லக்ஸ் நிழல்லயா, அருமையான இடமுங்க. ஒண்ணு கவனிச்சுக்கங்க, சென்னைல ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம் சாஞ்சு நிக்கும், மத்த மாசத்துல தெற்கே போயிரும், அதனால பால்கனில வெயில் விழற மூலை மாறிட்டே இருக்கும். ஸ்டூலை அதுக்கேத்தாப்புல நகத்துங்க. வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் கால் சுத்து திருப்பி வைங்க, இல்லன்னா ஒரு பக்கமே இலை கட்டும்.

அந்தப் புடைப்பு செதில் பூச்சிங்க. சாறு உறிஞ்சிட்டு இனிப்பா கழிச்சு விடும், அதான் பிசுபிசுப்பு, அதைத் தேடித்தான் எறும்பு வருது. காத்தோட்டமே இல்லாம வீட்டுக்குள்ள நிக்கற ஃபைகஸ்ல இது சகஜம். பஞ்சை சோப்புத் தண்ணில நனைச்சு ஒவ்வொரு இலையா, கிளைக் கவட்டுலயும் விடாம துடைச்சு எடுங்க, இருக்கற இலை கம்மிதானே, அப்பாவும் நீங்களும் உக்காந்தா ஒரு மணி நேர வேலை. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் அஞ்சு மில்லி, பாத்திரம் கழுவற லிக்விட் நாலஞ்சு சொட்டு, நல்லா குலுக்கிட்டு சாயங்காலமா இலைக்கு அடியில படற மாதிரி அடிங்க. வெயில்ல அடிச்சா இலை சுட்டுரும். வாரம் ஒண்ணா மூணு தடவை அடிச்சாத்தான் புதுசா பொரிக்கற குஞ்சும் அடங்கும். பின்னாடி எப்பவாவது துளிர் இலை நெடுக்க ரெண்டா மடிஞ்சு, உள்ளுக்குள்ள கறுப்பா பொடிப்பொடியா ஓடினா அது இலைப்பேன், அந்த இலையைக் கிள்ளி ஒரு கவர்ல கட்டிக் குப்பைல போட்டுருங்க, தொட்டிலயே போடாதீங்க.

கிள்ளும்போதும் வெட்டும்போதும் பால் வரும், கைல பட்டா சிலருக்கு அரிக்கும், கண்ணுல படவே கூடாது, வீட்டுல குழந்தை, பூனை இருந்தா எட்டாத இடத்துல வைங்க.

மண்ணு மாத்தறதுல அவசரம் வேண்டாங்க. மரம் இப்ப களைச்சுப் போயிருக்கு, இந்த நேரத்துல வேரைக் கலைச்சா தாங்காது. நார்த்தூள் நல்லா காஞ்சு கட்டியானா தண்ணியை லேசுல உள்ள விடாது, உங்களுக்கு ஓரமா வழிஞ்சது அதனாலதான். மண்ணு மாத்தற வரைக்கும் குச்சியால மெதுவா அங்கங்க குத்திவிட்டு, தண்ணி ஊத்தறதுக்குப் பதிலா வாளில முக்கி எடுங்க. மழைக்காலம் முடிஞ்சு பொங்கல் தாண்டி, பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்குல புதுத் துளிர் வேகமா ஓடும்போது மாத்துங்க. அந்த வலைக் கூடையை அப்ப வெட்டி எடுத்துரலாம், அழுகிப் போன வேரையும் சுத்திச் சுத்தி ஓடற வேரையும் நறுக்கலாம், ஆனா மொத்தத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாதீங்க.

கலவைக்கு ஜப்பான்காரங்க அகடமான்னு ஒரு சுட்ட மாதிரி கெட்டியான களிமண் உருண்டை போடுவாங்க, இங்க வாங்கினா விலை கட்டுப்படியாகாது. நம்ம செங்கல்லே போதுமுங்க. நல்லா வெந்த செங்கல்லை உடைச்சு, மூணுல இருந்து அஞ்சு மில்லி மீட்டர் துண்டா சலிச்சு எடுத்து, தூளைக் கண்டிப்பா தள்ளிருங்க, தூள்தான் அடைச்சுக்கும். அது ரெண்டு பங்கு, பெர்லைட்டோ பியூமிஸோ (ரெண்டும் எடை கம்மியான எரிமலைக்கல் துண்டு) ஒரு பங்கு, நல்லா மக்கின இலை உரம் ஒரு பங்கு. கைல அள்ளி இறுக்கிப் பிடிச்சு விட்டா பொலபொலன்னு உதிரணும். நம்ம தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே போட்டா ஆழமில்லாத தொட்டில இறுகிப் போயிரும்.

போர் தண்ணி அவ்வளவு உப்பா இருந்தா வேண்டாம். மழைத் தண்ணி பிடிச்சு வைக்க முடிஞ்சா அதை விட நல்லது இல்லை, இல்லன்னா உங்க ஏசில இருந்து சொட்டற தண்ணியைக் குடத்துல பிடிங்க, அதுல உப்பே இருக்காது. ஏசி சர்வீஸ் பண்ணி கெமிக்கல் போட்டுக் கழுவின வாரத்துல மட்டும் அதை ஊத்தாதீங்க. வேற வழியே இல்லாம போர் தண்ணி ஊத்தினா மாசம் ஒரு தடவையாவது நல்ல தண்ணியை நிறைய விட்டு உப்பைக் கழுவி வெளியேத்துங்க.

சித்தி சொன்னதைப் பத்தி. அவங்க நம்பிக்கையைக் குறை சொல்லலைங்க, ஆல் அரசு வீட்டுச் சுவருல முளைச்சா வேர் இறங்கி சுவரையே பிளந்துரும், அதைப் பாத்துப் பயந்து பெரியவங்க சொன்ன வார்த்தையில நியாயம் இருக்கு. தொட்டில இருக்கற மரத்துக்கு அந்தப் பயம் இல்லை. குட்டையாக்கறது கொடுமைங்கறதுலதான் நான் ஒத்துப் போக மாட்டேன். பட்டினி போட்டு யாரும் போன்சாய் வளக்க முடியாது, பட்டினி கிடந்தா மரம் செத்துரும். நல்ல வெயில், நல்ல உரம், நல்ல தண்ணி குடுத்து, நுனியை வெட்டி வெட்டி, வேரைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சுத்தான் சின்னதா வச்சிருக்கறது. வாஷிங்டன்ல அமெரிக்காவோட நேஷனல் ஆர்போரீட்டம்ங்கற மரத் தோட்டத்துல ஒரு ஜப்பான் வெள்ளைப் பைன் இருக்கு, 1625ல இருந்து தொட்டில வளருது. ஹிரோஷிமாவுல யமாகிங்கற குடும்பத்துக்கிட்ட இருந்துச்சு, 1945 ஆகஸ்ட் 6 அணுகுண்டு விழுந்தப்ப அவங்க வீட்டுத் தோட்டத்துல மதில் ஓரமா நின்னு தப்பிச்சுது, 1976ல ஜப்பான் அமெரிக்காவுக்குக் குடுத்த 53 மரத்துல அதுவும் ஒண்ணு. கொடுமைப்படுத்தற மரம் நாலு நூறு வருஷம் நிக்குமுங்களா? தலைமுறை தலைமுறையா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கவனிச்சதாலதான் நிக்குது. இதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டுங்க.

பெங்களூர்_கணினிக்காரன்:

நடுவுல புகுந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும். ஆபீஸ் மேஜைல வைக்க ஒரு ஜூனிபர் போன்சாய் ஆன்லைன்ல பாத்து வச்சிருக்கேன், படத்துல சூப்பரா இருக்கு. ஜன்னல் கிடையாது, டியூப் லைட் மட்டும்தான். ஃபைகஸுக்குச் சொன்னதெல்லாம் இதுக்கும் பொருந்துமா ப்ரோ?

ஸ்காபரோ_குளிர்:

தயவு செய்து வாங்காதேங்கோ தம்பி. ஜூனிபர், பைன், மேப்பிள் எல்லாம் குளிர் நாட்டு மரம், குளிரிலை கொஞ்ச மாசம் உறங்கினால்தான் அடுத்த வருசம் எழும்பும். அதுகளை நாங்களே இஞ்சை வீட்டுக்குள்ளை வைக்கிறேல்லை, பனிக்காலத்திலை கூட தொட்டியோடை தோட்டத்து மண்ணுக்குள்ளை புதைச்சு மேலை சருகு போட்டு மூடி விடுறது, இல்லாட்டி ஹீட்டர் இல்லாத கராஜிலை வைக்கிறது. ஜூனிபரிலை இன்னொரு கஷ்டம், செத்த பிறகும் கிழமைக் கணக்கிலை பச்சையாவே நிக்கும். நீங்கள் ஒவ்வொரு நாளும் தண்ணி விட்டுக்கொண்டு இருப்பியள், மரம் எப்பவோ போயிருக்கும்.

டியூப் லைட் சீலிங்கிலை எண்டால் எந்த மரத்துக்கும் காணாது. மேசையிலை வைக்கத்தான் வேணும் எண்டால் ஒரு க்ரோ லைட்டைக் கிட்டவாப் பூட்டி, அதுக்குக் கீழை ஃபைகஸ், இல்லாட்டி குடைச்செடி எண்டு சொல்லுற ஷெஃப்லெரா வையுங்கோ.

தொட்டிமண்_கோவை:

அதே தானுங்க. பெங்களூர்ல வீட்டு பால்கனில வெயில் வந்தா ஜேட் வைங்க, குண்டு இலைல தண்ணி சேத்து வச்சுக்கும், ஊருக்குப் போயிட்டு வர்றவங்களுக்கு ஏத்த மரம். ஃபைகஸை விட ரொம்பக் காய விட்டுத்தான் ஊத்தணும். இன்னொண்ணு, வெளிநாட்டுல ஃபுகியன் டீன்னு இன்டோர் போன்சாய்க்குப் பேர் போன ஒரு மரம் இருக்கு, கரும்பச்சை இலை, வெள்ளைப் பூ, சின்னதா சிவப்புப் பழம். அது நம்ம கடற்கரைப் பக்கத்து முள்ளுக்காட்டுல தானா வளர்ற குரங்கு வெத்தலைச் செடிதான். அதை விட்டுட்டு ஜூனிபரைத் தேடறோம்.

ஜப்பான்லயே போன்சாயை வீட்டுக்குள்ள குடி வைக்கறதில்லைங்க. டோக்கியோவுல 1923 பூகம்பத்துல தோட்டமெல்லாம் பாழாப் போன போன்சாய்க்காரங்க சைத்தமா பக்கம் ஓமியாவுக்குப் போயி 1925ல ஒரு கிராமமே அமைச்சாங்க, போன காரணமே நல்ல காத்து, நல்ல தண்ணி, விரிஞ்ச இடம் வேணும்ங்கறதுதான். விருந்தாளி வந்தா, விசேஷம் வந்தா ஒரு மரத்தைத் துடைச்சு உள்ள கொண்டு வந்து மாடத்துல வச்சு அழகு பாப்பாங்க, ஓரிரு நாள்ல திரும்ப வெளில போயிரும். உள்ளயேதான் வைக்கணும்னா வெளிச்சத்தை உள்ள கொண்டு வரணும், இத்தாலில மிலான் பக்கத்துல கிரெஸ்பி போன்சாய் மியூசியத்துல ஒரு பிரம்மாண்டமான ஃபைகஸ் இருக்கு, அதுக்குன்னே கண்ணாடிக் கூரை போட்டுக் கட்டடம் கட்டி வச்சிருக்காங்க.

பெரும்பாக்கம்_ஆறாவதுமாடி:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. பூச்சியெல்லாம் துடைச்சு எடுத்துட்டோம், வேப்பெண்ணெயும் ரெண்டாவது தடவை அடிச்சாச்சு, எறும்பு இப்ப இல்ல. காஞ்ச கிளை ரெண்டையும் வெட்டினேன். நுனில ஊசி மாதிரி வெளிறின பச்சைல துளிர் வருது, அதுகூட அடில, அந்தப் புடைச்ச வேர்ல இருந்தும் ரெண்டு துளிர் வந்திருக்கு, அந்த இலை மட்டும் பெருசா வேற மாதிரி இருக்கு. அதை விடலாமா? ஹிரோஷிமா மரத்தைப் பத்தி அப்பா அவரே தேடிப் படம் பாத்துட்டு சித்திக்கும் அனுப்பிட்டார். தீபாவளிக்கு சொந்தக்காரங்க வரும்போது மட்டும் ஹால்ல வச்சுக்கலாமான்னு கேக்கறார்.

தொட்டிமண்_கோவை:

துளிர் வந்துருச்சுன்னா கவலையில்லைங்க. அடியில வர்றதை உடனே கிள்ளிருங்க. உங்களுது சீனாவுல விதை போட்டுத் தரைல வளத்து, வேர் பெருத்தப்புறம் தலையை வெட்டிட்டு வேற சின்ன இலை ரகத்தை ஒட்டுக் கட்டின மரம், அடிமரத்துல உத்துப் பாத்தா ஒட்டின தழும்பு தெரியும். கீழ வர்றது அடிமரத்தோட சொந்தக் கிளை, அது வேகமாப் போயி ஒட்டுக் கிளையோட சாப்பாட்டை எடுத்துக்கும். மேல வர்ற துளிரை இப்போதைக்கு நீள விடுங்க, ஆறேழு இலை வந்தப்புறம் ரெண்டு மூணு இலை விட்டு வெட்டினா உள்ள கிளை பிரியும். வடிவத்துக்காகக் கிளைல கம்பி கட்டறதெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

தீபாவளிக்கு ரெண்டு நாள் தாராளமா ஹால்ல வைக்கச் சொல்லுங்க, ஏசிக்கு நேரா மட்டும் வேண்டாம், மூணாம் நாள் பால்கனிக்குப் போயிரணும். மழை விடாம பிடிச்சுக்கிட்டா சாரல் படாத பக்கமா நகத்திட்டு, அந்த வாரம் குச்சி ஈரமா வந்துட்டு இருக்கற வரைக்கும் தண்ணியே ஊத்தாதீங்க. மார்ச்ல மண்ணு மாத்தும்போது வேரைப் படம் எடுத்து இங்க போடுங்க, எதை வெட்டணும், எதை விடணும்னு பாத்துச் சொல்றேன்.